வனப் பொறியியலில் மேற்படிப்பு: மலையோரத்துப் பிள்ளைகள் எங்கே போகலாம்?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்தபோது மலையோரம் முழுக்க ரப்பர் மரங்கள் சாய்ந்து கிடந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் சின்னதாக ஒரு தடி மில் வைத்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் விழுந்த தடி மொத்தத்தையும் விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்தத் தோட்டத்துக்கு ஏறும் மண்சாலை வழியில் ஓர் ஓடையைத் தாண்டும். அங்கே சாலைக்கு அடியில் தண்ணீர் போக வைத்திருந்த கலுங்குக்கு ஒற்றைக் குழாய்தான். சருகும் கிளையும் போய் அதை அடைத்துக்கொள்ள, தண்ணீர் சாலைக்கு மேலே ஏறி, பள்ளத்துப் பக்கத்து ஓரத்தை அரித்துக் கீழே தள்ளிவிட்டது. லாரி ஏற மூன்று வாரம் ஆயிற்று.

ரப்பர் தடியில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீரை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றாவிட்டால் பூஞ்சையும் வண்டும் புகுந்துவிடும். முதல் தடியை வாளில் கொடுத்து பலகையைப் புரட்டினேன். ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி, மையைக் கொட்டியதுபோல் நீலம் ஓடிக் கிடந்தது. ஃபர்னிச்சருக்கு என்று வாங்கிய தடி பேக்கிங் பெட்டி விலைக்குப் போனது.

வனப் பொறியியல் என்றால் என்ன மாமா என்று அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கலுங்குதான். சரிவில் சாலை எப்படிப் போட வேண்டும், ஓடைக்கு எவ்வளவு வழி விட வேண்டும், மரத்தை எந்த வழியாக, எந்த இயந்திரத்தால், எத்தனை நாளில் இறக்க வேண்டும், இறக்கும்போது மண் எவ்வளவு கலங்கும் என்பதெல்லாம் அந்தப் படிப்புக்குள் வருபவை.

மூத்தவன் பி.இ. சிவில் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு சாலைக் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். இளையவள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் கடைசி வருடம். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை: மேற்படிப்பு இந்தத் துறையில்தான். ஆனால் கையில் இருக்கும் பட்டம் வேறு வேறு என்பதால் திறக்கும் கதவுகளும் வேறு. நானும் மேட்டுப்பாளையத்தில்தான் படித்தேன். முதுநிலைக்குப் போகாமல் அப்பாவின் மில்லுக்குத் திரும்பிவிட்டவன். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் ஏக்கமும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயரைத் தேடினால் கிடைக்காது

நம் ஊர்ப் பல்கலைக்கழக விண்ணப்பங்களில் வனப் பொறியியல் என்று பெயர் போட்ட முதுநிலையைத் தேடிக்கொண்டிருந்தால் வருடம்தான் போகும். பி.எஸ்சி. வனவியலில் அது ஒன்றிரண்டு தாளாக வரும். இந்திய வனப் பணித் தேர்வின் வனவியல் விருப்பப் பாடத்தில் 'நில அளவையும் வனப் பொறியியலும்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் கட்டுமானப் பொருட்கள், சாலை, மரப்பாலம் வடிவமைப்பு என்று பழைய வாசனையோடு தலைப்புகள் வரும்.

ஏன் இப்படிச் சுருங்கியது? வெள்ளைக்காரன் காலத்தில் காடு என்றால் தேக்கு இறக்குவதும் ரயிலுக்குக் கட்டை அறுப்பதும்தான். அப்போது இழுவைப் பாதையும் பாலமும் பெரிய வேலை. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988 தேசிய வனக் கொள்கை, காட்டின் முதல் வேலை சூழலைக் காப்பது என்று மாற்றிச் சொன்னது. 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவோடு இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவது பெரும்பாலும் நின்றது. நல்லதுதான். ஆனால் தடி இறக்கும் தொழில்நுட்பத்துக்கு ஆள் தேவைப்படாமல் போனதால் அந்தப் படிப்பும் வளரவில்லை.

ஆனாலும் அந்த வேலை எங்கும் போய்விடவில்லை. நம் மாவட்டத்தையே பாருங்கள். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் சரிவிலேயே இருக்கின்றன. ரப்பரை 25, 30 வருடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்தே ஆக வேண்டும். தனியார் தோட்டங்களும் அப்படியே. மேலே வன உயிரினச் சரணாலயம். கீழே 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை, அப்புறம் பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள். சரிவில் அரித்த மண் எல்லாம் ஒருநாள் அணைக்கும் சானலுக்கும்தான் வந்து சேரும். இதைக் கணக்குப் போட ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் படிப்பு நம் நாட்டில் தண்ணீர், மரம், வரைபடம் என்று மூன்று வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது.

சிவில் படித்தவனுக்கு

மூத்தவன் முதலில் கேட்டது எம்.எஸ்சி. வனவியல். மேட்டுப்பாளையத்திலும் திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரியிலும் அது வனவியல் இளநிலை படித்தவர்களுக்கான வழி. சிவில் பட்டத்தோடு அந்த வாசலில் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியலில் எம்.டெக். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தவனூர் கேளப்பஜி கல்லூரியிலும் இருக்கிறது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் மலைச்சரிவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் அது வேளாண் பொறியியல் இளநிலை படித்தவர்களுக்கு. பிளஸ் டூ முடித்த பிள்ளை யாராவது இதைப் படித்தால், இப்போதே அந்த வழியை யோசித்துக்கொள்ளட்டும்.

அவனுக்கு உண்மையிலேயே திறந்திருப்பது கேட் என்ற பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வு வழி. பிப்ரவரியில் நடக்கும் தேர்வு. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பது அக்கா வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை. மொத்தம் மூன்று இடங்களை ஒப்பிட்டோம்.

ஒன்று ரூர்க்கி ஐஐடியின் நீரியல் துறை. 1972-இல் தொடங்கியது. மழை விழுந்து, மண்ணில் இறங்கி, மீதி ஓடையில் ஓடி வரும் கணக்குதான் அங்கே முழுநேர வேலை. காட்டுச் சாலைக்குக் கலுங்கு வைப்பவனுக்கு இதைவிட அடிப்படையான அறிவு வேறில்லை. குறை என்னவென்றால், சாலையும் மரமும் அந்தப் பாடத்தில் வராது. அதை அவனே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சூரத்கல் என்ஐடி. அங்கே நீர்வளப் பொறியியலில் எம்.டெக். இருக்கிறது. மங்களூர் பக்கம் என்பதால் வெளியே இறங்கினாலே மேற்குத் தொடர்ச்சி மலை, நம் ஊரைப் போலவே கொட்டும் மழை. கள வேலைக்கு இமயமலையைவிட இந்த மண் நமக்குப் பழக்கம். அதோடு நாகர்கோவிலில் இருந்து ஒரே ரயிலில் போய்விடலாம் என்று அக்கா இதற்கு ஓட்டுப் போட்டாள்.

மூன்றாவது டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். தொலையுணர்வு, புவித்தகவல் துறையில் எம்.டெக்.; பட்டம் தருவது ஆந்திரப் பல்கலைக்கழகம். வன வளத்துக்கும் நீர்வளத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவுக்கு எந்த இளநிலை செல்லும் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் படத்தையும், லேசர் ஒளியால் உயரம் அளக்கும் லைடார் தரவையும் வைத்து மலையின் சரிவு, மரத்தின் உயரம், சாலை போகக்கூடிய கோடு எல்லாவற்றையும் மேசையிலேயே வரைந்துவிடலாம். முன்னெல்லாம் இந்த வேலைக்கு ஆட்கள் சங்கிலியோடு காட்டுக்குள் வாரக்கணக்கில் கிடப்பார்கள். வேலை கிடைக்கும் வாய்ப்பு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் விரிவானது: வனத்துறை, நீர்வளத்துறை, தனியார் நிறுவனங்கள் என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். ஆனால் திரையில் மட்டும் காட்டைப் பார்த்துப் பழகிவிட்டால் சருகு அடைத்த குழாய் கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரிவின் உறுதியைப் படிக்கும் மண் இயக்கவியல் முதுநிலையையும் அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னான். 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு அந்தப் பக்கம் கவனம் கூடியிருக்கிறது. கெட்டியான படிப்பு, தப்பில்லை. ஆனால் அதில் காடு ஓரத்தில்தான் வரும்.

வனவியல் படித்தவளுக்கு

இளையவளுக்கு மேட்டுப்பாளையத்திலேயே எம்.எஸ்சி. சேர்வது சுலபம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஏஆர்) நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சூரும் வேறு மாநிலங்களும் திறக்கும். ஆனால் அங்கே பிரிவுகள் மரம் வளர்ப்பு, மரப் பயிர் மேம்பாடு, வனப் பொருள் பயன்பாடு, வன உயிரினம் என்று போகும். பொறியியலுக்குக் கிட்டத்தில் வருவது வனப் பொருள் பயன்பாடு ஒன்றுதான்.

நான் அவளுக்குச் சொன்னது டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம். 1906-இல் வெள்ளைக்காரன் தொடங்கியது, 1991-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே எம்.எஸ்சி. வனவியல் தவிர, மர அறிவியலும் தொழில்நுட்பமும் என்று ஒரு எம்.எஸ்சி. இருக்கிறது. தனி நுழைவுத் தேர்வு. மரத்தின் உள்கட்டமைப்பு, உலர்த்துதல், பதப்படுத்துதல், ஒட்டுப்பலகை, பலகையின் வலிமைச் சோதனை என்று போகும் படிப்பு. என் மில்லில் நான் பட்டுப் பட்டுக் கற்றதை அங்கே கருவியோடு கற்றுக்கொடுக்கிறார்கள். உலர்த்தும் அறையில் வெப்பத்தை எந்த வேகத்தில் கூட்டினால் பலகை வெடிக்காது என்று தெரிந்துகொள்ள நான் வெடித்த பலகைகளுக்குக் கொடுத்த விலையில் அந்தப் படிப்புக்கு இரண்டு தடவை கட்டணம் கட்டியிருக்கலாம்.

வேலை? நம்மைச் சுற்றி ரப்பர் தடி, எல்லை தாண்டினால் பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகள், பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். சம்பளம் மென்பொருள் கம்பெனி அளவுக்கு வராது. ஆனால் இந்தத் துறையில் படித்த ஆள் குறைவு. தரம் பார்க்கத் தெரிந்தவரைத் தேடி மில்காரர்களே போன் செய்கிற நிலைமை.

போபால் வன மேலாண்மை நிறுவனத்தையும் அவள் தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். 1982-இல் தொடங்கியது, கேட் என்று ஒலிக்கும் இன்னொரு தேர்வான மேலாண்மை நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம், வளாக நேர்காணலும் உண்டு. நல்ல இடம். ஆனால் அது நிர்வாகப் படிப்பு. கையில் மண் படாது. இவள் கேட்டது அதை இல்லை.

கடல் தாண்டினால்

வெளிநாட்டில்தான் வனப் பொறியியல் என்ற பெயரோடே துறைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் முக்கியமானது. கார்வாலிஸ் ஊரில் உள்ள வனவியல் கல்லூரியில் வனப் பொறியியலுக்கு என்றே துறை. மலையில் கேபிள் கட்டித் தடி இறக்குவது, சாலை வடிவமைப்பு, நீர்ப்பிடிப்பு ஆய்வு எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்த மாநிலத்தில் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வுக்காடு 1948 முதல் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஓடைகளில் ஒன்றில் மரம் வெட்டி, ஒன்றில் சாலை போட்டு, ஒன்றைச் சும்மா விட்டு, எது எவ்வளவு மண்ணை இறக்குகிறது என்று பல பத்தாண்டுகளாக அளக்கிறார்கள். சாலை போட்ட சரிவில் மண்சரிவு கூடுகிறது என்பது அங்கே கிடைத்த முக்கியப் பாடம். ஆய்வு முதுநிலைக்குப் பேராசிரியரிடம் உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணச் சுமை குறையும். கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போகாதே என்று இரண்டு பேரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். வீட்டை ஈடு வைத்துப் போன ஒரு பையனின் கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகம் எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிகம் பிடித்தது. அங்கே இயற்கைக் காட்டை வெட்டுவது அரிது. ரேடியாட்டா பைன் என்ற மரத்தைச் செங்குத்துச் சரிவில் தோட்டமாக வளர்த்து, 28 வருடம் போல் கழித்து வெட்டுகிறார்கள். கிட்டத்தட்ட நம் ரப்பர் கணக்கேதான். சரிவில் இயந்திரம் உருண்டுவிடாமல் மேலே இருந்து வின்ச் போட்டுப் பிடித்தபடி வெட்டும் முறையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அதே நாட்டில் 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலில், வெட்டிப்போட்ட கழிவுத் தடிகள் ஆற்றில் அடித்துவரப்பட்டுப் பாலங்களில் மோதி, கிஸ்போர்ன் கடற்கரை முழுக்கக் குவிந்தன. தவறு நடந்த இடத்தில், அந்தத் தவறைப் பற்றியே பாடம் நடக்கும்போது படிப்பது நல்லது. சிவில் படித்தவனுக்கும் அங்கே ஆய்வு முதுநிலை கேட்டுப் பார்க்க இடம் உண்டு. செலவுதான் இடிக்கிறது.

கனடாவில் வான்கூவரின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிலைத்த வன மேலாண்மை முதுநிலை ஒரு வருடத்துக்குள் முடியும், அங்கே பதிவுபெற்ற வனவியலாளர் ஆகும் வழி அது. குடியேற நினைப்பவர்களுக்குச் சரி. எங்கள் பிள்ளைகள் திரும்பி வரத்தான் நினைக்கிறார்கள், இப்போதைக்கு.

ஜெர்மனியைப் பற்றி நம் ஊரில் இலவசம் என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. பாதி உண்மை. கோட்டிங்கனில் வெப்பமண்டல, பன்னாட்டு வனவியல் முதுநிலை ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். ஃப்ரைபர்க் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் தாரன்ட்டில் 1811-இல் ஹைன்ரிஷ் கோட்டா வனப் பள்ளியைக் கொண்டுவந்தார். அங்கேயும் வெப்பமண்டல வனவியல் முதுநிலை உண்டு. நம் நாட்டின் முதல் வனத்துறைத் தலைவராக 1864-இல் வந்த பிராண்டிஸும் ஜெர்மன்காரர்தான், ஆகவே இந்த உறவு புதிதில்லை.

ஜெர்மனியில் எங்கே சேர்ந்தாலும் விசாவுக்கு முன் முடக்கப்பட்ட கணக்கில் பணம் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ. நம் பட்டச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி-யின் வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். இந்த ஒரு விதியே இளையவளின் கணக்கை மாற்றிவிட்டது. இப்போது அவசரப்பட்டு ஓடுவதைவிட, டேராடூனில் முதுநிலை முடித்து, இரண்டு வருடம் ஏதாவது ஆலையிலோ திட்டத்திலோ வேலை பார்த்துவிட்டு உதவித்தொகையோடு போனால் பையில் காசும் மிஞ்சும், பேச விஷயமும் இருக்கும்.

வனப் பணித் தேர்வுக்காக என்றால்

அத்தான் மட்டும் இடையில் புகுந்து, எல்லாம் எதுக்கு, ஐஎஃப்எஸ் எழுதட்டுமே என்றார். எழுதலாம். ஆனால் அதற்கு முதுநிலையே தேவையில்லை. பொறியியல் இளநிலையும் வனவியல் இளநிலையும் இரண்டுமே தகுதிதான். முதல்நிலைத் தேர்வு குடிமைப் பணித் தேர்வோடு சேர்ந்தே நடக்கும். மூத்தவன் சிவிலையும் வனவியலையும் இரண்டு விருப்பப் பாடங்களாக எடுக்கக்கூட விதி இடம் கொடுக்கிறது. அந்தத் தேர்வுக்காக மட்டும் ஓர் எம்.எஸ்சி. சேர்ந்து இரண்டு வருடம் விடுதியில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பும் ஒழுங்காக நடக்காது, தேர்வும் நடக்காது. தேர்வுதான் குறி என்றால் வீட்டில் இருந்தே படிக்கட்டும். ஆசைக்குப் படிப்பது என்றால் தேர்வை மறந்துவிட்டுப் படிக்கட்டும்.

கடைசியில் இளையவள் டேராடூன் மர அறிவியல் என்று முடிவு செய்தாள். குளிரும் சப்பாத்தியும் இவளுக்கு ஆகாது என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூத்தவன் ரூர்க்கிக்கும் டேராடூன் தொலையுணர்வுக்கும் நடுவில் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவனை அந்தப் பழைய தோட்டச் சாலைக்கு ஒரு டேப்போடு அனுப்பினேன். போய் அளந்துவிட்டு வந்து, சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து வரைபடத்தில் ஓடைக்குத் தண்ணீர் வடியும் பரப்பைக் கோடு போட்டுப் பிரித்தான். 40 ஹெக்டேர் வந்தது. மணிக்கு 80 மில்லிமீட்டர் வேகத்தில் மழை, விழுவதில் பத்துக்கு நாலு பங்கு வழிந்தோடும் என்று வைத்துப் பெருக்கினான். விநாடிக்கு மூன்றரை கன மீட்டர். குழாயின் விட்டம் 90 சென்டிமீட்டர். அதில் நெரிசல் இல்லாமல் போவது விநாடிக்கு ஒரு கன மீட்டர் அளவுதான்.

"மாமா, சருகு அடைக்காட்டியும் இது போயிருக்கும்" என்றான்.

புதிதாகப் போட்டதும் அதே அளவுக் குழாய்தான் என்று நான் சொன்னேன். அவன் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரூர்க்கி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது வரும் என்று கேட்டான்.